பேசும் புத்தகக் கருவி பாதியில் நின்றால்: அறிகுறி வாரியாகப் பேட்டரிக் கோளாறும் தீர்வும்

தக்கலையிலிருந்து அப்பா தொலைபேசியில் அழைத்து, “மக்கா, பேட்டரி செத்துப் போச்சு” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், பேட்டரியைத் தவிர வேறு எதுவோ கெட்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் எண்ணிக்கொள்கிறேன். கண் நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்த பிறகு அவர் புத்தகங்களைக் காதால்தான் படித்து வருகிறார். அவருடைய கருவியைப் பார்த்துக்கொடுக்கத் தொடங்கினேன்; பிறகு அவருடைய நண்பர்கள் நாலைந்து பேரின் கருவிகளும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. பேட்டரி போய்விட்டது என்று வந்தவற்றில் பாதிக்கு மேல், கடைசியில் வயராகவோ, சார்ஜராகவோ, துருவேறிய ஸ்பிரிங்காகவோ, போலிச் செல்லாகவோ, அணைக்க மறந்த பொத்தானாகவோதான் முடிந்திருக்கின்றன. ஆகவே நாகர்கோவில் மணிமேடைக்குப் பேருந்து ஏறிப் புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன், கீழே உள்ளவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான் சொல்லப்போவது மூன்று வகைக் கருவிகளைப் பற்றியது. விக்டர் ரீடர் ஸ்ட்ரீம், பிளெக்ஸ்டாக் பாக்கெட் போன்ற டேசி வகைக் கருவிகள் முதல் வகை. டேசி என்பது பார்வையற்றோருக்கான பேசும் நூல்களின் வடிவம். இவற்றில் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி இருக்கும். மெமரி கார்டும் பென் டிரைவும் போடக்கூடிய மலிவான ரேடியோப் பெட்டிகள் இரண்டாவது. இவற்றில் பலவும் பழைய நோக்கியா போன்களின் பிஎல்-5சி பேட்டரியையோ 18650 என்னும் உருளைச் செல்லையோ வைத்து ஓடுகின்றன. பென்சில் செல் போட்டு ஓடும் சிறிய ஒலிப்பதிவுக் கருவிகளும் பாட்டுப் பெட்டிகளும் மூன்றாவது. 2016-இல் பார்வையற்றோருக்கான சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகம் தொடங்கப்பட்ட பிறகு, அதிலிருந்து இறக்கிய நூல்களை மெமரி கார்டில் ஏற்றித் தரச் சொல்லும் முதியவர்களிடம் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றைத்தான் நான் காண்கிறேன்.

முதலில் அளவு

“முன்பு நிறைய நேரம் ஓடியது, இப்போது ஓடவில்லை” என்பது அறிகுறி ஆகாது. எத்தனை மணி நேரம் என்று தெரிய வேண்டும். அதை அளக்கப் புத்தகமே போதும். கருவியை முழுதாகச் சார்ஜ் செய்து, இருபது மணி நேரத்துக்குக் குறையாத ஒரு நாவலைத் தொடக்கத்திலிருந்து, இயல்பான வேகத்தில், வழக்கமான ஒலியளவில் ஓடவிடுங்கள். தூக்க நேரக் கணக்கை மறவாமல் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அரைமணியில் கருவி தானாகவே நின்றுபோய் உங்களை ஏமாற்றும். அது தானே பேச்சை நிறுத்தும் வரை தொடவேண்டாம். மீண்டும் சார்ஜ் போட்டபின், புத்தகத்தில் எவ்வளவு நேரம் கடந்திருக்கிறது என்று கருவியையே கேட்டால், அதுதான் பேட்டரியின் ஓட்டநேரம். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவராக இருந்தால், ஒன்பது மணி நேரப் புத்தகம் ஆறு மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் காதுப்பொறி மாட்டி, நடுத்தர ஒலியளவில், வைஃபை இல்லாமல் எடுத்த கணக்கு. ஸ்பீக்கரில் அதில் நாலில் ஒரு பங்கு குறைந்தாலும் வியப்பில்லை. லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முழுச் சார்ஜ்களுக்குப் பிறகு தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. 12 மணி நேரம் ஓடியது 10 மணி ஆனால் அது வயது. ஐந்து மணி ஆனால்தான் கோளாறு.

“ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டேன், காலையில் ஒரு மணி நேரம்கூடப் பேசவில்லை”

அடிக்கடி வரும் புகார் இது. சார்ஜ் ஏறவே இல்லையா, ஏறியும் கருவி இரவெல்லாம் விழித்திருந்ததா, ஏறியது தங்கவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் முதலாவதே மிகுதி.

சிறு விளக்கு எரிகிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவருக்கு, சார்ஜ் ஏறுகிறது என்பதைச் சொல்ல ஓர் ஒலி வேண்டும். நல்ல டேசி கருவிகள் வயரைச் செருகியதும் பேசும் அல்லது ஒலி எழுப்பும். மலிவான பெட்டிகள் எதுவும் சொல்லாது. அப்பாவின் கருவி இரண்டு வாரம் இப்படி முரண்டு பிடித்தபோது, நான் புதுப் பேட்டரியே வாங்கிக்கொண்டு போனேன். அன்றிரவு அங்கே தங்கியதால் உண்மை தெரிந்தது: பத்து மணிக்குப் படுக்கப் போகும் அம்மா, பல ஆண்டுப் பழக்கத்தில், கூடத்துச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் போகிறார், சார்ஜர் மாட்டியிருந்த சுவிட்சும் அதில் ஒன்று. அந்தப் பேட்டரி இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது.

சுவிட்சு சரி என்றால், அடுத்தது வயர். நன்றாக வேலை செய்யும் வேறொரு வயரையும் சார்ஜரையும் போட்டுப் பார்த்த பிறகே எதையும் முடிவு செய்யுங்கள். மைக்ரோ யூஎஸ்பி முனை ஒரே பக்கமாகத்தான் நுழையும். பார்க்க முடியாத ஒருவர் அதைத் தலைகீழாக வைத்து நாலு முறை அழுத்தினால் உள்ளே இருக்கும் நாக்கு வளைந்துவிடும். முனையின் மேற்பக்கத்தில் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால், விரலுக்கு அது எப்போதும் மேல் என்று தெரியும். துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருந்தால், கருவியை அணைத்துவிட்டு, காய்ந்த ஈர்க்கில் நுனியால் மெல்லக் கிளறி எடுக்கலாம். ஊசியும் ஊக்கும் கூடவே கூடாது.

டைப்-சி துளை கொண்ட மலிவான பெட்டிகளில் விசித்திரமான ஒரு குறை உண்டு. இருபுறமும் டைப்-சி உள்ள வயரில், புதுப் போன் சார்ஜரில், அவை சார்ஜே ஏறாது. ஒருபுறம் பழைய அகலமான யூஎஸ்பி முனை உள்ள வயரில் ஏறும். உள்ளே இருக்க வேண்டிய சிறு மின்தடைகளைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்ததால் வரும் வினை இது, பேட்டரியின் குற்றமன்று. கணினியின் பழைய யூஎஸ்பி துளை 500 மில்லியாம்பியர் மட்டுமே தரும் என்பதால், அங்கே நேரம் கூடுதலாகும். லித்தியம் பேட்டரியில் கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிக மெதுவாகவே ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. பவர் பேங்கில் போட்டவருக்கு ஒரு சொல்: கருவி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைந்தால், பல பவர் பேங்குகள் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து அணைந்துவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ, இன்வெர்ட்டரின் மேலோ வைத்துச் சார்ஜ் போட்டால், 45 டிகிரியைத் தாண்டியதும் ஒழுங்கான கருவி தானாகவே ஏற்றத்தை நிறுத்தும்; ஒழுங்கில்லாத கருவி தொடர்ந்து ஏற்றிப் பேட்டரியைக் கெடுக்கும். சார்ஜ் நன்றாக ஏறியும் காலையில் காலியாக இருந்தால், வைஃபை திறந்திருக்கிறதா, கருவி அணைந்ததா அல்லது இடைநிறுத்தத்தில் நின்றதா என்று பாருங்கள். அணைப்பு ஒலி கேட்கும் வரை பொத்தானை அழுத்திப் பிடிக்கப் பழக்குவதே தீர்வு.

“பாதி இருக்கிறது என்று சொல்லிவிட்டு உடனே அணைந்துவிட்டது”

இங்கே பேட்டரி உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கலாம். பேட்டரி முதுமையடையும்போது கொள்ளளவு குறைவதோடு, மின்சாரத்தை உள்ளேயே மறிக்கும் அதன் உள்தடையும் கூடுகிறது. ஓய்வில் இருக்கும்போது மின்னழுத்தம் நன்றாகவே காட்டும். ஸ்பீக்கரில் ஓங்கிய குரல் ஒன்று வந்து, ஒரு கணம் மிகுதியான மின்சாரத்தை இழுத்ததும் மின்னழுத்தம் சரிந்து கருவி அணையும். இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. அணைந்த கருவியை மீண்டும் இயக்கி, உடனே காதுப்பொறியை மாட்டிக் குறைந்த ஒலியில் கேளுங்கள். அப்படியே ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஓடினால், பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். மாற்றும்வரை காதுப்பொறியில் கேட்டுச் சமாளிக்கலாம். காதுப்பொறியிலும் உடனே அணைந்தால், பேட்டரி தொடும் பித்தளை நாக்குகளைப் பாருங்கள். கருவியை மெல்ல உள்ளங்கையில் தட்டும்போது அணைந்தால் அது லூஸ் கான்டாக்ட்.

கருவியின் கணக்கே பிசகியிருக்கவும் கூடும். ஒருமுறை மட்டும் முழுதாகத் தீரவிட்டு, இடையில் நிறுத்தாமல் முழுதாக ஏற்றினால் கணக்கு திருந்தும். இதை மாதந்தோறும் செய்யும் சடங்காக ஆக்கிவிட வேண்டாம். தீர்ந்த பின்தான் சார்ஜ் போட வேண்டும் என்று இன்றும் சிலர் சொல்வது பழைய நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அது கெடுதல்.

“புதுச் செல் போட்டும் இரண்டே நாள்தான்”

பென்சில் செல் போடும் கருவிகளில் இந்தப் புகாரின் விடை பெரும்பாலும் செல்லின் உறையிலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதைப் பார்க்க முடியாதவரிடம் கடைக்காரர் எதையாவது கொடுத்துவிடுகிறார். மலிவாகக் கிடைக்கும் துத்தநாக-கரிச் செல் சுவர்க்கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் ஏற்றது. பேசும் கருவியில் அது ஆல்கலைன் செல் தருவதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் தரும். கையில் எடுத்தாலே வேறுபாடு தெரியும்: ஆல்கலைன் சற்றுக் கனம். “ஆல்கலைன் தாருங்க அண்ணாச்சி” என்று பெயர் சொல்லிக் கேட்கப் பழகிக்கொள்வது நல்லது.

பழையதையும் புதியதையும் கலந்து போடுவது அடுத்த தவறு. இரண்டு செல் வரிசையில் இருக்கும்போது, தளர்ந்தது முதலில் தீர்ந்துபோகும். பிறகு நல்ல செல் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளுவதால், தீர்ந்த செல் கசியத் தொடங்கும். நல்ல செல்லையும் சேர்த்துத்தான் இழப்போம்.

கண் தெரியாதவரே தனியாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று ஆல்கலைன் செல்லுக்கு உண்டு. அதை நிமிர்த்திப் பிடித்து, தட்டையான முனை கீழே இருக்க, சிமென்டுத் தரையிலிருந்து ஓரிரு விரல்கடை உயரத்தில் விடுங்கள். புதுச் செல் “தொப்” என்று மந்தமாக விழும். பயன்பட்ட செல் “டக்” என்று துள்ளும். உள்ளே ஈரக்களிம்பாக இருக்கும் துத்தநாகம், தீரத் தீர ஆக்சைடாக மாறி இறுகுவதால் வரும் துள்ளல் இது. 2015-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து, பாதி தீரும்போதே துள்ளல் உச்சத்தை எட்டிவிடுகிறது என்று கண்டார்கள். ஆகவே துள்ளும் செல் புதியதன்று என்று மட்டும் சொல்லலாம். முற்றிலும் செத்தது என்று சொல்ல முடியாது. சார்ஜ் செய்யும் செல்களுக்கு இந்தச் சோதனை செல்லாது.

மல்டிமீட்டர் வைத்திருப்போர் ஆல்கலைனில் 1.5 முதல் 1.6 வோல்ட் வந்தால் புதியது என்றும், 1.2-க்கு இறங்கினால் பெரும்பகுதி தீர்ந்தது என்றும் கொள்ளலாம். நிக்கல்-உலோக ஹைட்ரைடு எனப்படும் சார்ஜ் செய்யும் பென்சில் செல்லோ தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 1.2 வோல்ட்டிலேயே கழிக்கிறது. இதனால்தான் சில ஒலிப்பதிவுக் கருவிகள், அந்தச் செல்லைப் போட்டதும், “பேட்டரி குறைவு” என்று முன்கூட்டியே புலம்பும். அமைப்புகளில் செல்வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் அந்தப் புலம்பலைப் பொருட்படுத்தாமல் கேட்டுக்கொண்டே போங்கள்.

“செல்லை மாற்றியும் உயிர் வரவில்லை”

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் கருவிகளை, மூடியைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். உப்புக்காற்று ஸ்பிரிங்கைத் தின்றிருக்கும். பித்தளையில் பச்சைக் களிம்பும், இரும்பு ஸ்பிரிங்கில் செம்பழுப்புத் துருவும் மின்சாரத்தை மறிக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் நாக்குகளைத் தேய்த்தால் பெரும்பாலும் போதும். உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் மேற்பூச்சையும் சேர்த்து உரித்துவிடுவதால் துரு முன்னிலும் வேகமாக வரும்.

வெள்ளை மாவு போலப் படிந்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. ஆல்கலைன் செல்லில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். அது காற்றுப் பட்டுப் பொட்டாசியம் கார்பனேட்டாக உறைந்ததே அந்த மாவு. காரத்தை முறிக்கப் புளிப்பு வேண்டும் என்பதால், பஞ்சுக் குச்சியில் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ சிறிது நனைத்துத் தடவினால் மெல்ல நுரைத்துக் கரையும். பிறகு நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்து, ஒரு நாள் காயவிட வேண்டும். துத்தநாக-கரிச் செல்லின் கசிவு புளிப்புத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாக் கரைசல். எந்தச் செல் என்று தெரியாவிட்டால் ஸ்பிரிட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் தொட்டால் உடனே கையைக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

“பேட்டரி மூடி மூட மறுக்கிறது”

உடனே நிறுத்துங்கள். லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மூடுவதும், துளையிட்டுக் காற்றை விடுவதும், “இன்னும் ஓடுகிறதே” என்று சார்ஜ் போடுவதும் தீயில் முடியும். எளிதில் கழன்றால் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து, மின்கழிவு வாங்குவோரிடம் சேர்ப்பியுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீதும் இறக்குமதியாளர்கள் மீதும் வைத்திருக்கின்றன. முற்றத்தில் ஓலையும் சருகும் கூட்டி எரிக்கும் குவியலில் இது போய்விடக் கூடாது.

“புதுப் பேட்டரி வாங்கிப் போட்டும் அதே கதை”

அப்படியானால் நீங்கள் வாங்கியது பேட்டரிதானா என்று பார்க்க வேண்டும். உண்மையான பிஎல்-5சி ஏறத்தாழ 1000 எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி) கொள்ளளவு உடையது. அதே உருவத்தில் 2500 என்று அச்சிட்டிருந்தால் அச்சகத்தைத்தான் பாராட்ட வேண்டும். 18650 செல்லில் நல்ல நிறுவனங்களே 3500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கின்றன; 9900 என்று எழுதிய செல் ஒன்றை ஒரு கடையில் வாங்கி வந்த அப்பாவின் நண்பருக்கு அது இரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை. நல்ல 18650 ஏறத்தாழ 45 கிராம் எடையிருக்கும். போலி பெரும்பாலும் அதைவிட மிக இலேசு. சமையலறைத் தராசு போதும். சார்ஜ் செய்யும் டபுள் ஏ செல்லில், அதாவது பென்சில் செல்லில், 1900 முதல் 2500 வரை நம்பலாம். 3000-க்கு மேல் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கணக்கும் எளிது. கருவி 80 மில்லியாம்பியர் இழுக்கிறது என்றால், 1000 எம்ஏஎச் பேட்டரி 12 மணி நேரம் தர வேண்டும். நடைமுறையில் பத்து மணி என்று கொள்ளுங்கள். அதற்கு வெகுவாகக் கீழே போனால் போலி அல்லது நீண்ட நாள் கடையில் கிடந்து மூத்தது.

எதை வாங்குவது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது நம் குமரி மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்டு இல்லை. அப்பாவின் லித்தியக் கருவி இரண்டாம் நாளே ஓய்ந்தது. பென்சில் செல் போடும் பழைய பெட்டிதான் அந்த வாரம் முழுதும் அவருக்குப் பேசியது. அன்றிலிருந்து என் முடிவு மாறவில்லை: அன்றாடம் கேட்கக் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி உள்ள கருவி, அவசரத்துக்கு டபுள் ஏ செல் போடும் ஒரு சிறு பெட்டி. பேட்டரியைக் கழற்றவே முடியாதபடி ஒட்டி மூடிய கருவியை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் வாங்கித் தருவதில்லை.

அந்தச் சிறு பெட்டிக்கு, சார்ஜ் மெதுவாக மட்டுமே கசியும் வகை நிக்கல்-உலோக ஹைட்ரைடு செல்லை வாங்குங்கள். 2005-இல் சான்யோவின் எனிலூப் கொண்டுவந்த வகை இது. பழைய வகை இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும், இது ஓராண்டு அலமாரியில் கிடந்தாலும் பெரும்பகுதியைத் தக்கவைக்கும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜரே நல்லது. யூஎஸ்பியில் நேராகச் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் செல்களும் வந்திருக்கின்றன. அவை கடைசிவரை 1.5 வோல்ட் காட்டி, முன்னறிவிப்பின்றி நின்றுவிடும். உள்ளிருக்கும் மின்மாற்றச் சுற்று மத்திய அலை ரேடியோவில் இரைச்சலும் கிளப்பும். திருநெல்வேலி வானொலி கேட்பவர்கள் தவிர்க்கவும்.

பயன்படுத்தாமல் வைக்கும் லித்தியம் பேட்டரியைப் பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சார்ஜை இருபது சதவீதத்துக்குக் கீழே விடாதே, எண்பது சதவீதத்துக்கு மேலே ஏற்றாதே என்னும் விதி சரியானதே. எண்பது வயதுக்காரரிடம் அதைச் சொல்லி அவரை வாட்ட வேண்டாம். பேட்டரியை ஓராண்டு முன்னதாக மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்றிய செல்லையும் தீர்ந்த செல்லையும் பிரித்தறிய அப்பா தாமே ஒரு வழி கண்டார். பழைய சோப்புப் பெட்டியில் ஏற்றிய செல்களைக் குமிழ் மேலாகவும், தீர்ந்தவற்றைக் குமிழ் கீழாகவும் நிறுத்தி வைக்கிறார். இரண்டிரண்டாகச் சேர்ந்தே பயன்பட வேண்டியவை என்பதால், ஒரு ஜோடிக்கு ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறார், மற்ற ஜோடி வெறுமனே நிற்கிறது. கருவிக்குள் போடும்போது தட்டையான முனை ஸ்பிரிங்கைத் தொட வேண்டும் என்பது அவர் விரல்களுக்கு எப்போதோ பழகிவிட்டது.